தட்டின் வேகமும் பாடகனின் குரலும்

நமது பழைய பாடகர்களைப் பற்றி எழுதுவோர் 'கணீர்க் குரல்', 'எட்டுக்கட்டைக் குரல்' என்று தாராளமாகப் பாராட்டுகிறார்கள். 2015 ஏப்ரலில் நாகூர் இ. எம். ஹனிபா மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் இத்தகைய சொற்களையே படித்தேன். அவை பொய் என்று சொல்ல வரவில்லை. எழுதியவர்கள் எந்தக் குரலைக் கேட்டார்கள் என்பதே என் கேள்வி. இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், அங்கிருந்து இறுவட்டுக்கும், இன்று கைத்தொலைபேசிக்கும் ஏறிவந்த பிரதியைத்தான் பெரும்பாலோர் கேட்கிறோம். முதலில் ஏற்றியவர் தட்டை என்ன வேகத்தில் சுழலவிட்டார் என்று எவரும் விசாரிப்பதில்லை. பாடபேதம் பாராமல் சீறாப்புராணத்துக்கு விமர்சனம் எழுதினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடவேண்டிய தட்டு 80இல் ஓடினால் சுருதி ஏறக்குறைய இரண்டரை வீதம் உயரும். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். 1925இல் மின்முறைப் பதிவு வருவதற்கு முன் கம்பனிக்குக் கம்பனி வேகம் வேறுபட்டது. 78 என்பது பின்னர் நிலைத்த எண். கிட்டப்பாவின் உச்ச சுருதியை வியப்பவர்களும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சுருதி மட்டும் ஏறினால் பெரிய நட்டமில்லை. கூடவே தாளம் விரைகிறது, நெஞ்சிலிருந்து வரும் கனம் மெலிகிறது, மூச்செடுக்கும் இடைவெளி சுருங்குகிறது. துஆக் கேட்கும் பாட்டொன்று இப்படி ஓடினால், பாடுகிறவர் படகைப் பிடிக்க அவசரப்படுகிறவர் போலாகிவிடுகிறார். கையேந்தி நிற்பவனுக்கு என்ன அவசரம்?

சரியான வேகத்தை எப்படிக் காண்பது? ஹார்மோனியத்தை வைத்துப் பார்க்கலாம் என்பர். அக்காலத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே சுருதியில் இருந்தவையல்ல. பேச்சுக்குரலே நல்ல சாட்சி. 1902இல் கல்கத்தாவில் பதிவு தொடங்கிய காலத்தில் கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரைச் சொல்லுவார். தட்டு அச்சான ஜேர்மனியில் பெயர் தவறாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இன்று அந்தச் சில சொற்களைக் கொண்டே வேகத்தைத் திருத்திவிடலாம். நம் பாடகர்கள் அப்படிப் பேசிவைக்கவில்லை. ஆகையால் நான் மூச்சையே நம்புகிறேன்.

எங்கள் தீவுகளில் இன்னொரு சிக்கல். சாவி கொடுக்கும் கிராமபோனில் ஸ்பிரிங் தளரும்போது கடைசி அடிகள் இழுபடும். மின்சாரப் பெட்டிக்கு 77 கோடுகள் போட்ட வட்ட அட்டையைத் தட்டின் மேல் வைத்து மின்விளக்கில் பார்ப்பார்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 78க்கு மிகக் கிட்ட. ஆனால் அந்தக் கணக்கு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்று நம்பிச் செய்யப்பட்டது. நெடுந்தீவு போல் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி நெடுங்காலம் இருந்த இடத்தில் மின்சாரமே தள்ளாடினால் அட்டையும் பொய் சொல்லும்.

பின்வந்த 33⅓ சுற்று நெடுந்தட்டில் கோளாறு வேறு. வெளிவட்டத்தில் ஊசியின் கீழ் வினாடிக்கு 50 சென்ரிமீற்றரளவு ஓடும் பள்ளம், உள்வட்டத்தில் 20ஐச் சற்றே தாண்டுகிறது. கூரிய ஒலிகள் அங்கே நெருங்கிக் கலங்குகின்றன. பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸலாம்', 'ரஸூல்' என்ற சொற்களில் ஸகரம் கரகரத்தால் பாடகரின் உச்சரிப்பைக் குறை சொல்லாதீர்கள்.

மூலத்தட்டைத் தேடலாமே என்பீர்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போகக் கிடைத்தது இரண்டு மணி நேரம். தட்டுப்பெட்டியை யார் தூக்கினார்கள்? இலங்கை வானொலி முஸ்லிம் நிகழ்ச்சியில் கேட்ட பாட்டுகளை வீட்டிலும் வைத்திருந்தவர்களுக்கு இன்று மிஞ்சியது யாரோ ஏற்றிய பிரதிதான். அதனால்தான் பிரதி எடுப்போரிடம் கேட்கிறேன்: பாடகர் பெயரோடு தட்டின் இலக்கத்தையும், ஓட்டிய வேகத்தையும் எழுதிவையுங்கள். திருத்தியிருந்தால் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.