கையெழுத்துக்கு முன் காற்று

வெள்ளத்தில் ஊறிய கிரிக்கெட் மட்டையை மீட்பது அருமையான பொறுமைக் கலை. 2015 டிசம்பரில் சென்னை கண்டது போன்றதொரு வெள்ளம் வடிந்ததும், எதையும் மொட்டை மாடி வெயிலில் போடத்தான் கை போகும். மட்டைக்கு அது ஆகாது. மட்டை செய்யும் வில்லோ மென்மையான மரம். மேல்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, ரேகையோடு வெடித்துவிடும்.

கைதேர்ந்தவர் சேற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார். கைப்பிடியின் ரப்பர் உறையைக் கழற்றுவார். அடியிலுள்ள பிரம்பும் நூல்சுற்றும் நெடுநாள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு நிழல், காற்றோட்டம், அவ்வப்போது புரட்டிவைத்தல். தினமும் எடை போடுவார். எடை இறங்குவது நின்றால்தான் மட்டை காய்ந்தது என்று பொருள்.

அதன்பிறகே வீரரின் கையெழுத்துக்குப் பேனா. ஈரமரத்தில் மை நார்வழியே கசிந்து, பெயர் கலங்கிப்போகும். எண்ணெய் பூசிய முகப்பிலும் மை பிடிக்காது. கையெழுத்து வாங்கும் இடத்தில் ஆளிவிதை எண்ணெய் தடவாமல் விடுவதே முறை.

வீரர் கையெழுத்திட நொடிகள் போதும். அந்த மை பல்லாண்டு நிற்பதில், பேர் தெரியாத அந்தக் கைகளுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு.