டெக்சாஸைத் தவிர்க்கும் வழி

பொள்ளாச்சியில் புறப்பட்டு ஆழியாறு, வால்பாறை, சோலையாறு, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடியில் இறங்குவது என்று நாங்கள் நான்கு பேர் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டோம். மலை, அணை நீர், சின்னச் சின்ன ஊர்கள், மூன்று நாள், ஒரு கார். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. நால்வரில் இருவருக்குக் கார் ஓட்டத் தெரியும்.

திட்டம் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் வழி: தூரம், பெட்ரோல், ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள், இருட்டுவதற்குள் கடக்க வேண்டிய காட்டுச் சோதனைச்சாவடிகள், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை எந்தெந்த ஊரில் கிடைக்கும் என்ற குறிப்பு. மறுபக்கத்தில் வீடு: மாவு அரைத்து வைப்பது, மாமனாரின் மாத்திரை, மகளின் டியூஷன், கேஸ் சிலிண்டர் வரும் நாள்.

இதைப் பார்த்த என் தம்பி சிரித்தான். "என்னக்கா, கல்யாண வீட்டு மளிகைப் பட்டியல் மாதிரி இருக்கு? ரோடு ட்ரிப்னா கிளம்பிப் போய்க்கிட்டே இருக்கணும்."

அவன் சொன்னது அவனுடைய கருத்து மட்டுமல்ல. சாலைப் பயணத்தைப் பற்றிய இலக்கியமும் சினிமாவும் நமக்குக் கற்றுக்கொடுத்திருப்பதும் அதுதான். திட்டமில்லாமல் போவது விடுதலை. பட்டியல் போடுவது பெண்களின் பதற்றம். இந்தக் கட்டுரையில் அந்த எண்ணத்தைத்தான் கேள்வி கேட்க விரும்புகிறேன்.

திட்டமில்லாப் பயணத்தின் வேதநூலாகச் சொல்லப்படுவது ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோடு' (1957). அமெரிக்காவின் குறுக்கே மீண்டும் மீண்டும் ஓடும் இளைஞர்களின் கதை. முதல் முறை படித்தபோது அதன் வேகம் எனக்கும் பிடித்தது. நாற்பது வயதில் மறுபடி படித்தபோது வேறொருவர் கண்ணில் பட்டார். கதைசொல்லியின் அத்தை. கையில் காசு தீர்ந்தால் அவன் அவளுக்கு எழுதுகிறான், பணம் வருகிறது. பயணம் முடிந்தால் அவள் வீட்டுக்குத்தான் திரும்புகிறான்; சோறும் படுக்கையும் காத்திருக்கின்றன. அவன் திட்டமிடாமல் போக முடிந்ததற்கு, வீட்டில் இருந்தபடி ஒருத்தி திட்டத்தோடு வாழ்ந்ததும் ஒரு காரணம். நாவல் அவளை அன்பாகத்தான் காட்டுகிறது. ஆனால் அவள் எங்காவது போக விரும்பினாளா என்று கேட்பதில்லை.

மோட்டார் காரில் நடந்த முதல் நெடும்பயணமே ஒரு பெண்ணுடையது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸிடம் கேட்காமல், ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டு, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியை எடுத்துச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். வழியில் வீஸ்லோக் என்ற சிற்றூரின் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துக்கொண்டார். மேட்டில் வண்டி ஏறாமல் தள்ள வேண்டியிருந்ததால், இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் தொப்பி ஊசியில் நின்றுவிடுகிறார்கள். துணிச்சலான மனைவி, கைக்குக் கிடைத்த பொருள், சமயோசிதம். ஆனால் கார்லின் தொழில் நிலைக்கத் திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்தவர் அவர். தன் பணமும் போட்ட ஒரு தொழிலின் வண்டியை ஓட்டிச் செல்ல அவர் விடியற்காலையில் சத்தமில்லாமல் கிளம்ப வேண்டியிருந்தது. நான் தங்கி யோசிப்பது இந்த இடத்தில்தான்.

103 ஆண்டுகள் கழித்து, 1991இல் வந்த 'தெல்மா அண்ட் லூயிஸ்' படத்திலும் ஒரு சீட்டு வருகிறது. மலையில் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கி மீன் பிடிப்பது, அவ்வளவுதான் திட்டம். தெல்மா கணவனிடம் அனுமதி கேட்க நினைக்கிறாள், முடியவில்லை, எழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறாள். அந்த மலைவீட்டை அவர்கள் கடைசிவரை பார்ப்பதில்லை. வழியில் ஒரு மதுக்கடையின் வாகன நிறுத்தத்தில் ஒருவன் தெல்மாவை வன்புணர முயல்கிறான். லூயிஸ் அவனைச் சுடுகிறாள். பயணம் தப்பி ஓடுதலாக மாறுகிறது. இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் அதன் முடிவைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் வரும் ஒரு வரைபடக் காட்சி.

ஓக்லஹோமாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பது டெக்சாஸ். லூயிஸ் அதன் வழியாகப் போக மறுக்கிறாள். போலீஸ் துரத்தும் நேரத்தில், சுற்றுவழி ஆபத்து என்று தெரிந்தும் மறுக்கிறாள். டெக்சாஸில் அவளுக்கு என்ன நடந்தது? தெல்மா ஊகித்துக் கேட்கிறாள். லூயிஸ் அதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று வெட்டிவிடுகிறாள். திரைக்கதைக்காக ஆஸ்கர் விருது பெற்ற காலி கூரி அந்த மௌனத்தை உடைக்கவில்லை. ஒரு பெண் தன் காயத்தைச் சொல்லாமலேயே தன் வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று படம் ஒப்புக்கொள்கிறது. காரணம் சொன்னால்தான் நம்புவோம் என்று பெண்களை நிற்க வைக்கும் உலகத்தில் இது பெரிய விஷயம்.

எங்கள் தாளிலும் ஒரு டெக்சாஸ் இருந்தது. முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு வழியில் ஓர் ஊரைக் குறித்திருந்தேன். எங்களில் ஒருத்தி, "அந்த ஊர்ல நிறுத்த வேண்டாம்டி" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சாப்பாட்டை அடுத்த ஊருக்குத் தள்ளிவைத்தோம். என் தம்பி பார்த்தால் ஏன் தேவையில்லாமல் தள்ளிப்போடுகிறீர்கள் என்றுதான் கேட்டிருப்பான். அவனுடைய வரைபடத்தில் அந்த இடம் வெறும் ஊர்.

வால்பாறையில் யானைகள் நடமாடும் இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். யானை அருகில் இருப்பது தெரிந்தால் உள்ளூர்க்காரர்களே கைபேசி மூலம் அதை எரியவிடுவார்கள், குறுஞ்செய்தியும் போகும். மிருகத்தால் வரும் ஆபத்தை ஓர் ஊரே பொது அறிவாக்கிக்கொண்ட நல்ல ஏற்பாடு அது. அந்த விளக்கைப் பார்த்தபோது என் தோழியின் ஒற்றை வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது. மனிதரால் வரும் ஆபத்தை மட்டும் நாம் ஒருத்தி காதில் ஒருத்தியாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். பெண்களின் திட்டத்தாள் நீளமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தமிழில் இந்த வகையில் பேச வேண்டிய படம் பிரம்மா இயக்கிய 'மகளிர் மட்டும்' (2017). பள்ளி விடுதியில் தோழிகளாக இருந்து, குடும்பத்துக்குள் காணாமல்போன மூன்று நடுவயதுப் பெண்களை, அவர்களில் ஒருத்திக்கு மருமகளாக வரப்போகும் பிரபாவதி தேடிச் சேர்த்துப் பயணம் அழைத்துப் போகிறாள். ஊர்வசி, சரண்யா, பானுப்பிரியா மூவரும் சேர்ந்து சிரிக்கும் காட்சிகளுக்காகவே நான் இதை மீண்டும் பார்ப்பேன். மருமகள் மாமியாரை வெளியே அழைத்துப் போகிறாள் என்பதே நம் சினிமாவில் புதிது. ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. திட்டம் முழுவதும் இளையவளுடையது. வேலை, பைக், கேமரா எல்லாம் உள்ளவள் அவள். மூத்தவர்களுக்குப் பயணம் பரிசாக வந்து சேர்கிறது. முப்பது வருடம் ஒரு வீட்டின் ஒவ்வொரு வேளையையும் திட்டமிட்ட பெண்களுக்கு மூன்று நாள் பயணத்தைத் திட்டமிடத் தெரியாதா? அந்தத் திறமையைப் படம் சுமையாக மட்டுமே பார்க்கிறது.

இதை எழுதும்போது என் தாளையும் அதே கண்ணால் படிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் திட்டத்தைப் பெரும்பாலும் போட்டவள் எங்களில் கணக்கு ஆசிரியையாக இருப்பவள். எந்த வளைவில் வண்டியை நிறுத்தினால் ஆழியாறு அணை முழுதாகத் தெரியும் என்பது வரை அவள்தான் விசாரித்து எழுதினாள். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அவளுடைய மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டார். வீட்டில் கணவரும் வளர்ந்த மகனும் இருந்தார்கள். இருந்தும் அவள் வரவில்லை. நாங்கள் மூவர் போனோம். ஒன்பதாவது வளைவில் நின்று அணையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினோம். "நல்லா இருக்குடி" என்று பதில் வந்தது.

அன்றிரவு தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எங்கள் வேலைகளை ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் இருந்தன. என் அக்கா, வேலைக்கு வரும் அம்மா, ஒருத்தியின் மகள், இன்னொருத்தியின் நாத்தனார். ஓர் ஆணின் பெயர்கூட இல்லை. கெரோவாக்கின் அத்தையைக் கண்டுபிடித்த நான், எங்களுக்கும் அத்தைகள் இருந்ததைக் கவனிக்கவில்லை.

முன்பக்கத்திலும் ஒரு வரி இருந்தது: "தேயிலை பறிக்கும் பெண்கள் – படம்." அடுத்த நாள் சோலையாறு போகும் வழியில் நிறுத்தினோம். எங்கள் கழிப்பறைக் கணக்கு அங்கே தப்பிவிட்டது. இலை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். முதுகுச் சுமையோடு திரும்பி, "எங்களுக்கே அதோ அந்தப் பக்கந்தாம்மா" என்று புதர் இருந்த திசையைக் காட்டினார். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. நாங்கள் மூன்று நாளுக்குப் போட்ட கணக்கை அவர் தினமும் போடுகிறார். நான் படம் எடுக்கவில்லை.

திட்டமிடுவது விடுதலைக்கு எதிரானது என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. தன் பொழுதைத் தானே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு பல பெண்களுக்குக் கிடைப்பதே அந்தத் தாளில்தான். ஆகவே ஒரு சாலைப் பயணக் கதையைப் படிக்கும்போதோ பார்க்கும்போதோ மாணவிகள் சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். யார் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டியிருந்தது? பணம் யாருடையது? எந்த ஊர் தவிர்க்கப்பட்டது? வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஜன்னலுக்கு வெளியே வேலை செய்துகொண்டிருப்பவர் யார்?

கணக்கு ஆசிரியையின் விடுமுறையை வைத்து அடுத்த பயணத்துக்கு நாள் குறித்திருக்கிறோம். இந்த முறை தாளின் பின்பக்கத்தை முதலில் எழுதத் தொடங்கினாள். முதல் வரியில் அவள் கணவரின் பெயர் இருக்கிறது.