இருமல் மருந்தும் சான்றின் உரைகல்லும்

பொதிகை அடிவாரத்தில் இருமலுக்கு மருந்து சொல்லும் மரபுகள் மூன்று உண்டு. காரையாறு, சேர்வலாறு பகுதிக் காணி மக்களின் பச்சிலை அறிவு ஒன்று. தூதுவளை ரசமும் சுக்குக் கஷாயமும் வைக்கும் வீட்டுக் கைவைத்தியம் மற்றொன்று. பரம்பரை வைத்தியர்கள் காத்து, 1964 முதல் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பாடமாகியுள்ள நூல்வழிச் சித்த மருத்துவம் மூன்றாவது. இந்த மூன்றாம் மரபு மருந்துக்கு ஆயுளும் வகுத்திருக்கிறது: குடிநீர் எனப்படும் கஷாயத்துக்கு மூன்று மணி நேரம், சூரணம் என்னும் பொடிக்கு மூன்று மாதம், மணப்பாகு என்னும் இனிப்புப் பாகுக்கு ஆறு மாதம். ஆகவே தரம் கேட்பது சித்த மருத்துவத்துக்கு அந்நியமான வழக்கமன்று. அந்தக் கண்டிப்பைப் பலனை நிறுவுவதிலும் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

இன்றுள்ள சான்றுகள் ஒரே எடை உடையவை அல்ல. குழந்தைகளின் திடீர் இருமலுக்குத் தேன் ஓரளவு உதவுகிறது என்பதை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஏற்கிறது. தூதுவளையையும் கண்டங்கத்திரியையும் ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்து 1999இல் வெளியான சிறிய ஆய்வில் மூச்சுத்திறன் கூடியது. ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் நவீன மருந்தான சால்புடமால் அளவுக்குக் கூடவில்லை. ஆடாதோடையின் வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. அந்த இலையில் வீரியம் உண்டு என்பதற்கு இது சான்று. நாம் காய்ச்சும் கஷாயத்தில் அது போதிய அளவு இறங்குகிறதா என்பது தனிக் கேள்வி.

தலைமுறை தலைமுறையாகக் குணமானதே போதாதா என்பார்கள். சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் தானாகவே அடங்கும். எதைக் குடித்தாலும் குடித்ததற்கே பெயர் கிடைக்கும். அதனால்தான் மருந்து உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. வாதம், பித்தம், கபம் பார்த்து ஆளுக்கு ஆள் மருந்து மாறுமே, அதை எப்படிச் சோதிப்பது என்ற மறுப்பு வலுவானது. மருந்தைத் தேரும் உரிமையை மருத்துவரிடமே விட்டு, முடிவை மட்டும் அளக்கலாம். அப்போது மரபும் சிதையாது, சோதனையும் தளராது.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்றும் சொல்ல இயலாது. அதிமதுரம் மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும். ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை அவசியம். பாளையங்கோட்டையில் பயிலும் இளம் மருத்துவர்கள் ஒவ்வொரு மருந்தின் பலனையும் பலனின்மையையும் ஒளிக்காமல் பதிந்து வெளியிட வேண்டும். பொதிகை மரபுக்கு அவர்கள் செய்யும் உண்மையான தொண்டு அதுவே.