கண்ணாடியில் படிந்த விரல்தடம்: பால் ம்பாகி செபுயாவின் தற்படங்கள்

ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த நிர்வாணப் படங்களில் கருப்பின ஆணுடல் வெள்ளையர் கண்ணுக்குரிய காட்சிப்பொருளாயிற்று என்று 1986இல் கொபீனா மெர்சர் கண்டித்தார். பின்னர் அக்கருத்தைத் தாமே மறுபரிசீலனையும் செய்தார். எடுப்பவரே படத்துள் நின்றால் அச்சிக்கல் தீருமெனக் கருதுவது எளிது. அமெரிக்கக் கருப்பினப் பால்புதுமைக் கலைஞர் செபுயாவின் (பி. 1982) தற்படங்கள் அதனோடு அமைவதில்லை.

அவர் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே படமாக்குகிறார். கேமரா நடுவில் நிற்க, முகம் பெரும்பாலும் அதன் பின்னோ கருந்துணியின் மறைவிலோ ஒதுங்குகிறது. நண்பர், காதலர் கைகள் ஊடே நுழைவதால் ‘தற்படம்’ என்னும் சொல்லே ஐயத்திற்குரியதாகிறது.

‘டார்க்ரூம் மிரர்’ படங்களில் கண்ணாடிமேல் படிந்த விரல்தடமும் கறையும் எங்குத் தெரிகின்றன என்பது நோக்கத்தக்கது. வெளிர்பரப்பு பிரதிபலிக்கும் இடத்தில் அவை மறைகின்றன. கரிய மேனியோ கருந்துணியோ பிரதிபலிக்கும் இடத்தில் துலங்குகின்றன. வண்ணப்படச்சுருள் நெடுங்காலம் வெள்ளைத்தோலை அளவுகோலாகக் கொண்டு சீரமைக்கப்பட்டது. அதில் கரிய முகங்கள் விவரமிழந்து மங்கின. செபுயாவிடம் அக்கருமையின்றித் தொடுகையின் தடயமே புலப்படாது. ‘டார்க்ரூம்’ என்பது படம் கழுவும் அறையோடு, தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் விடுதிகளின் இருளறையையும் சுட்டும். தமிழில் ‘இருட்டறை’ என்றால் இவ்விரண்டாம் பொருள் உதிர்ந்துவிடுகிறது. விரல்தடங்கள் பேசுவதோ பெரிதும் அப்பொருளையே.