மறைமலைநகர் ஐகான்

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு ஃபோர்டு ஐகான் சொந்த ஊர் வண்டி. 1999இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்தது. 1.6 லிட்டர் ரோகாம் பெட்ரோல் எஞ்சின், 90 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல். அழுத்தினால் தயங்காமல் இழுக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஸ்டீயரிங். ஹைட்ராலிக் வகை என்பதால் சாலையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கே வந்து சேரும். கிழக்குக் கடற்கரைச் சாலை வளைவில் வண்டி நிதானமாகத் திரும்பும். பின்சீட்டுப் பாட்டியும் கலங்கமாட்டார்.

இனி பழையதுதான் கிடைக்கும். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021இல் ஃபோர்டு அறிவித்துவிட்டது. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஓடிய வண்டியென்றால் பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். உப்புக்காற்று தகட்டைத் தின்றிருக்கும். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, ஸ்டெப்னிக் குழி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினை மெக்கானிக் சரிசெய்துவிடுவார். தரைத்தகடு பொத்துப்போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.