கேட்காமல் சொல்லும் சுவிசேஷம்

வெலிங்டனிலும் குன்னூரிலும் நான் போய்வரும் சபைகளில் ஒரு வழக்கம் வேர்விட்டுவிட்டது. மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கோ பிரிட்டனுக்கோ புறப்படும் பிள்ளையை ஞாயிறு ஆராதனையில் முன்னால் அழைக்கிறார்கள். மூப்பர்கள் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார்கள். "நீ படிக்க மட்டும் போகவில்லை, ஊழியத்துக்குப் போகிறாய்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அண்மையில் ஒரு மிஷனரிக் கூட்டத்தில் பேசியவர் இதற்கு ஒரு நியாயமும் கற்பித்தார். ஜெர்மானியர் நமக்குச் சுவிசேஷம் தந்தார்கள், இன்று அவர்களே அதை மறந்துவிட்டார்கள், பட்ட கடனை நம் பிள்ளைகள் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றார். மண்டபம் அல்லேலூயாவால் அதிர்ந்தது. அந்த நியாயம் தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

இதிலுள்ள நல்லதை மறைக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில், பாஷை தெரியாத ஊரில், கேலிக்கு அஞ்சாமல் தன் விசுவாசத்தைப் பேசத் துணிவு வேண்டும். ஆறேழு முதியவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஆலயத்தில் நம் பிள்ளைகள் பாடினால் அங்கே உயிர் வருகிறது. அந்த நாடுகளின் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை. இவ்வளவும் உண்மை.

ஆனால் கடன் என்று பேச்சு வந்துவிட்டபின், நமக்குக் கொடுத்தவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்த்தாக வேண்டும். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது 23. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்துவிட்டு வந்தவர், கிட்டத்தட்ட மாணவர்தான். வந்தவர் தமிழ் கற்றார், ஏடுகளைத் திரட்டினார். 1712 முதல் 1714 வரையில் தமிழர்களுக்குக் கேள்விகளை அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார். உங்கள் தெய்வங்கள் யார், உங்கள் சடங்குகள் எவை, கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். வந்த பதில்கள் அவருக்கு இனிப்பானவை அல்ல. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டை அறுக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று நம்மவர்கள் முகத்துக்கு நேரே எழுதினார்கள். அவற்றை மொழிபெயர்த்து அவர் ஹாலேக்கு அனுப்பிவைத்தார்.

எங்கள் நீலகிரி மலையிலும் இதே கதைதான். வெலிங்டனில் ரயில் ஏறினால் அருவங்காட்டை அடுத்த நிறுத்தம் கேத்தி. ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரி கேசமேஜரின் ஆதரவில் பாசல் மிஷன் 1846-ல் அங்கே பணி தொடங்கியது. முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். நடுவே பன்னிரண்டு ஆண்டுகள்! அந்த மிஷனின் மெட்ஸ் ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, நடந்தார், படுக மொழியில் பேசினார், 1856-ல் நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி நூலும் வெளியிட்டார். அந்த நூலில் நமக்கு ஒவ்வாத தீர்ப்புகள் ஏராளம். படுகர் சடங்குகளை அவர் கண்டித்தார். ஆனால் எதைக் கண்டிக்கிறோம் என்று தெரிந்து கண்டித்தார். ஒரு படுகர் ஏன் மாற மறுக்கிறார், மாறினால் ஊரில் அவர் எதையெல்லாம் இழப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

இன்றைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் இல்லாதது இந்தக் கேள்விதான். ஜெர்மானியர் ஏன் சபையை விட்டுப் போனார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. பதிலை இங்கிருந்தே பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறார்கள்: செல்வம் வந்தது, சிற்றின்பம் வந்தது, கர்த்தரை மறந்தார்கள். பின்மாற்றம் என்ற ஒரே சொல்லில் கணக்கு முடிந்துவிடுகிறது.

ஜெர்மனியில் சபையை விட்டு விலகுவது மறதியால் நடக்கும் காரியம் அல்ல. அங்கே சபை உறுப்பினரின் வருமான வரியோடு, அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் சபை வரியாகச் சேர்ந்து போகிறது. விலக வேண்டும் என்றால் நீதிமன்ற அலுவலகத்துக்கோ பதிவு அலுவலகத்துக்கோ அடையாள அட்டையோடு போய், கையெழுத்துப் போட்டு, பெரும்பாலான மாநிலங்களில் கட்டணமும் கட்டிவிட்டு வர வேண்டும். 2022-ல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கச் சபையிலிருந்து இப்படி விலகினார்கள். வரி மிச்சமாகும் என்று போனவர்களும் அதில் உண்டு. ஆனால் 2018-ல் கத்தோலிக்க ஆயர்கள் தாங்களே ஏற்பாடு செய்த ஆய்வின் அறிக்கை வெளியானது. 1946 முதல் 2014 வரையிலான காலத்தில் 3,677 சிறார்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதையும், 1,670 குருமார் குற்றம் சாட்டப்பட்டதையும் சபையின் கோப்புகளிலிருந்தே அது எடுத்துவைத்தது. 2024 ஜனவரியில் புராட்டஸ்டண்ட் சபைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. குறைந்தது 2,225 பேர் பாதிக்கப்பட்டதாக அது சொன்னது. அந்த அலுவலக வரிசையில் நின்ற ஒருவர் கடவுளை மறந்தவராக இருக்கலாம். கடவுளின் பெயரால் நடந்ததை மறக்க முடியாதவராகவும் இருக்கலாம். இரண்டாமவர் கையில் "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்ற கைப்பிரதியைத் திணித்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் கதையே வேறு. நம் பொறியியல் பட்டதாரிகள் நிறையச் சேரும் கெம்னிட்ஸ் நகரத்துக்கு 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். அங்கே இன்றைய மாணவரின் தாத்தா பாட்டியே பலர் சபைக்கு வெளியே வாழ்ந்தவர்கள். விட்டுப்போக அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. பக்கத்து லைப்சிக் நகரத்தில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் திங்கட்கிழமை தோறும் சமாதான ஜெபம் நடந்துவந்தது. 1989 அக்டோபர் 9 அன்று அந்த ஜெபத்தை ஒட்டி ஏறத்தாழ 70,000 பேர் மெழுகுவத்தி ஏந்தி நகரத்தை வலம்வந்தார்கள். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த ஆலயத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் அவிசுவாசிகள் பலர். சுவர் விழுந்த பிறகும் அவர்கள் அவிசுவாசிகளாகவே வீடு திரும்பினார்கள், ஆலயத்தின் மேல் மரியாதை குறையாமல். இப்படிப்பட்ட மனிதர்களை எந்தப் பெட்டியில் போடுவது? பின்மாற்றக்காரர் என்றா?

சென்ற கோடையில் விடுமுறைக்கு வந்த ஒரு மாணவர் சாட்சி சொன்னார். பல்கலைக்கழக உணவுக்கூடத்தின் வாசலில் நின்று மதிய வேளையில் கைப்பிரதி கொடுத்ததைச் சொன்னார். பேசியது முழுக்க ஆங்கிலத்தில்தான், படிப்பே ஆங்கிலத்தில் என்பதால். வாங்கிய பலர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்களாம், ஒருவர் மட்டும் நின்றாராம். "என் அம்மா ஒரு போதகரின் வீட்டில் வளர்ந்தவள், அதைப் பற்றி அவள் பேச மாட்டாள்" என்று சொன்னாராம் அந்த மனிதர். நம் மாணவர் அவருக்காக அங்கேயே ஜெபித்திருக்கிறார். சபை "ஆமென்" என்றது. அந்த அம்மா எதைப் பற்றிப் பேச மாட்டாள்? மாணவர் கேட்கவில்லை, சபையும் கேட்கவில்லை. ஒரு மனிதர் தன் வீட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து காட்டியிருக்கிறார். நாம் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தோம்.

குறை அந்தப் பிள்ளையுடையது அல்ல. அனுப்புகிற சபை எதைக் கேட்க ஆசைப்படுகிறதோ அதைத்தான் போனவர் திரும்பிவந்து சொல்வார். இதுவும் பழைய வியாதிதான். சீகன்பால்க் 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி முடித்த பெரிய கையெழுத்துப் பிரதியை ஹாலே தலைவர் ஃபிராங்கே அச்சுக்கே அனுப்பவில்லை. உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நிலை. 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. கேட்டு வந்த செய்தியை அனுப்பியவர் அன்று பெட்டியில் போட்டுப் பூட்டினார். இன்று நாம் பூட்டவும் தேவையில்லாதபடி, கேட்காமலே வரும்படி பிள்ளைகளைப் பழக்கி அனுப்புகிறோம்.

இரண்டு வருடப் படிப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது, விதைப்பது மட்டும்தான் நம் வேலை என்று பதில் வரும். வெலிங்டன்காரர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. இங்கே பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்கு நட்பு நாடுகளிலிருந்து ராணுவ அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து ஒரு வருடத்துக்குள் படிப்பை முடித்துப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் மூன்றாம் மாதமே கடைவீதியில் நின்று, "உங்கள் வாழ்க்கை ஏன் கெட்டது என்று நான் சொல்கிறேன்" என்று தொடங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்நியர் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேரம் குறைவு என்றால் முதலில் சுருங்க வேண்டியது தீர்ப்புதான். கேள்விக்கு அதிக நேரம் பிடிக்காது.

இதைச் சொல்ல நமக்கு வெளியூர் ஆசான் தேவையில்லை. 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் நிறைந்த அவையில், தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா எழுந்து பேசினார். உங்கள் தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். மேலிருந்து கொடுப்பவராகவே நின்றுகொண்டு எதிரே இருப்பவரைச் சமமாகப் பார்க்காத அன்பு அவருக்குப் போதவில்லை. அவையில் பலருக்கு அது கசந்தது. நூறு வருடம் கழித்து அதே அசரியாவின் பேரப்பிள்ளைகள் தலைமுறை, அன்று அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர்களின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அதைக் கடன் தீர்ப்பது என்கிறது. இதைவிடப் பெரிய சறுக்கலை நம் சபை வரலாற்றில் என்னால் காட்ட முடியாது.

என் கோபத்தின் வேர் ஜெர்மனியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. இந்த மலையிலேயே திடப்படுத்தல் எடுத்து, பாடகர் குழுவில் பாடி, பிறகு ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்ட பிள்ளைகள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லி மன்றாடுகிறோம். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால் "எப்ப வர்றே?" என்கிறோம். அவர்கள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, "ஏன்ப்பா வர்றதில்லே, நாங்க என்ன செஞ்சோம்?" என்று கேட்ட மூப்பர் ஒருவரை நான் கண்டதில்லை. அக்டோபரில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் திறக்கின்றன. அதற்குள் எங்கள் சபையில் இன்னும் ஒரு பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள்.