மேனியில் எழுதிய வரலாறு: பிலிப்பைன்ஸ் பச்சை குத்தற் கலை பற்றிய ஒரு நோக்கு

2023 ஏப்பிரலில் வெளிவந்த 'வோக்' சஞ்சிகையின் பிலிப்பைன்ஸ் பதிப்பு, வட லூசோன் மலைநாட்டுப் புஸ்காலான் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வாங்-ஓட் என்ற மூதாட்டியின் படத்தை முகப்பிலே தாங்கியிருந்தது. அப்பொழுது அவருக்கு வயது 106 எனக் கூறப்பட்டது. இழிவெனக் கருதப்பட்டதொரு கலைக்குக் கிடைத்த அங்கீகாரமென இதனைப் பலர் போற்றினர். போற்றியதிலே தவறில்லை. ஆயின், உண்மையிற் போற்றப்பட்டது எது என்பதை நாம் விசாரித்தறிதல் வேண்டும்.

வாங்-ஓட் கலிங்கா இனக்குழுவைச் சேர்ந்தவர். பெயரொற்றுமை கண்டு நமக்குத் தெரிந்த கலிங்கத்தை இங்கு நினைத்தல் பொருந்தாது. இது தலைகொய்வோர், பகைவர் என்னும் பொருளில் அயலார் இட்ட பெயரென்பர். எலுமிச்சை இனத்து மரமொன்றின் முள்ளை மூங்கிற் குச்சியிற் செருகி, நீரிற் குழைத்த கரியில் தோய்த்து, மற்றொரு குச்சியால் தட்டித்தட்டித் தோலில் ஏற்றுவது இவர்தம் முறை. நாம் நிறத்தைக் கொண்டு 'பச்சை' என்கிறோம். அவர்களது 'பாத்தோக்' என்ற சொல்லோ தட்டும் ஓசையோடு தொடர்புடையதெனக் கருதப்படுகிறது. பூரான், பாம்புச் செதில், பன்னம் ஆகிய உருவங்கள் ஆண்களுக்குப் போரில் ஈட்டிய பெருமையையும், பெண்களுக்குப் பருவமெய்தியமையையும் அழகையும் உணர்த்தின. சுருங்கக் கூறின், எழுத்தில்லாச் சமுதாயமொன்றின் சமூகப் பதிவேடாக மனித மேனி அமைந்தது.

இதன் வீழ்ச்சி தற்செயலானதன்று. 16ஆம் நூற்றாண்டில் விசாயாத் தீவுகளை அடைந்த ஸ்பானியர் அங்குள்ளோரைப் 'பிந்தாதோஸ்' (வண்ணந்தீட்டப்பட்டோர்) என்றழைத்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் உருவான பொக்சர் சுவடியில் அம்மக்களின் ஓவியங்கள் உள்ளன. கிறித்தவமாக்கம் பரவிய தாழ்நிலங்களில் இவ்வழக்கு மறைய, ஸ்பானிய ஆட்சி முழுமையாக ஊடுருவாத மலைநாட்டில் மட்டுமே எஞ்சியது. பின்வந்த அமெரிக்கர் தலைகொய்தலை ஒடுக்கியபோது ஆண்களின் பச்சைக்கு ஆதாரமான சமூக நிலைமையே அற்றுப்போயிற்று. அதே அமெரிக்கர், 1904இல் சென்ற் லூயிஸ் கண்காட்சியிலே மலைநாட்டு மக்களைக் 'காட்டுமிராண்டிகள்' எனக் காட்சிப்பொருளாக்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நகரத்திலோ பச்சை, மணிலாச் சிறைக் குழுக்களின் அடையாளமாகவே அறியப்படலாயிற்று. குடியேற்ற ஆட்சி 'அநாகரிகம்' என்றதை மத்தியதர வர்க்கம் 'குற்றம்' என்று பெயர்மாற்றிக் கொண்டது. ஏழையின் கையிலுள்ள கோடு சந்தேகத்தையும், சஞ்சிகை முகப்பிலுள்ள கோடு வியப்பையும் எழுப்புமாயின், வேறுபாடு கோட்டில் இல்லை.

இங்குதான் இன்றைய போற்றுதலின் குறைபாடு புலனாகிறது. அது கோலத்தைக் காண்கிறது. கோலமிட்ட மக்களைக் காணத் தவறுகிறது. புஸ்காலான் மக்கள் புத்புத் பிரிவினர். சீக்கோ நதியில் அணைகட்டித் தம் வயல்களையும் முன்னோர் புதைகுழிகளையும் நீரில் ஆழ்த்தவிருந்த மார்க்கோஸ் அரசின் திட்டத்தை எதிர்த்துநின்ற மக்லி-இங் டூலாக் அப்பிரிவின் தலைவருள் ஒருவர். 1980 ஏப்பிரல் 24இல் அவர் படையினராற் சுட்டுக்கொல்லப்பட்டார். எதிர்ப்பு ஓயவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. இவ்வரலாற்றை விடுத்துப் பாத்தோக்கின் அழகை மட்டும் பேசுதல் வேரறுத்த மரத்திற்கு நீரூற்றுவது போலாகும். அனலின் சல்வடோர்-அமோரெஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வுநூல், இக்கலையை அது வாழும் சமுதாயத்தோடு வைத்து நோக்கியமையாலேயே சிறப்புப் பெறுகிறது.

உல்லாசப் பயணிகள் வருகையால் கலை விற்பனைப் பண்டமாயிற்று என வருந்துவோரும் உளர். அக்கவலை முற்றிலும் பொய்யன்று. ஆனால் அவ்வூர் இளைஞர் வேறெதனால் பிழைத்தல் வேண்டுமென்பதை அவர்கள் கூறுவதில்லை. குருதி வழியினருக்கே கற்பித்தல் வேண்டும் என்ற மரபின்படி, பிள்ளையற்ற வாங்-ஓட் தம் உடன்பிறந்தார் வழிப் பேத்தியரைப் பயிற்றினார். முதுமையில் அவர் தாமே இடுவது பெரும்பாலும் மூன்று புள்ளிகளே. மற்றைய கோலங்களை அப்பெண்கள் இடுகின்றனர்.